மூன்று விரல் தண்ணீர்

படுக்கையறை மூலையில் ஒரு கறை.
ஆடியில் எலுமிச்சை அளவு,
ஐப்பசியில் பறங்கிக்காய்.
பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பிடித்து
படமெடுத்துப் போட்டேன் குடியிருப்போர் குழுவில்,
பதினோரு முறை.
மேல்வீட்டு வசுந்தரா
ஒரே ஒருமுறை கட்டைவிரல் காட்டினாள்.
சம்மதமா, கிண்டலா,
இன்றுவரை தெரியாது.

மழைக்காலத்தில் புதுப்பாளையத்தில்
எந்தக் கதவும் முழுதாய்ச் சாத்தாது.
கடலோரக் காற்று, கெடிலத்து ஓதம்,
சுவரைத் தொட்டால் விரலில் மாவு.
அதெல்லாம் ஊருக்குப் பொது.
இந்தக் கறை மட்டும் அவளுடையது
என்று வைத்திருந்தேன்.
இரவு பத்தேகாலுக்கு மேலே
குவளை உருளும் சத்தம் கேட்டால்
எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பேன்,
அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி.

பூவராகன் வந்தான்.
அவள் குளியலறை வடிகாலைத்
துணியும் சிமெண்டும் வைத்து அடைத்தான்.
மூன்று விரல் தண்ணீர் நிறுத்தி
டைல்ஸில் மார்க்கரால் ஒரு கோடு.
"மூணு நாளைக்கு யாரும் கால் வைக்கக் கூடாதுக்கா."

அன்று சாயங்காலம்
வாளி, சோப்பு டப்பா, தோளில் துண்டு,
என் வாசலில் அவள்.
வேறெங்கே போவாள்?
குளித்து முடித்து ஈரத் தலையோடு
என் கட்டிலருகே நின்று அண்ணாந்தாள்.
"படத்துல சின்னதா தெரிஞ்சுது."
கொஞ்ச நேரம் கழித்து,
"இதுக்கு மேலயா நான் தினம் பல் தேய்க்கிறேன்?"
கழுத்தில் வழிந்த தண்ணீரைத்
துடைக்க மறந்திருந்தாள்.

மூன்றாம் நாள்
கோட்டிலேயே நின்றது தண்ணீர்.
ஒரு நகக்கண் இறங்கவில்லை.

பூவராகன் வெளியே ஏணி போட்டு
என் சுவரைத் தடவிக்கொண்டே போனான்.
ஏசிக் குழாய்க்காகப் போன சித்திரையில்
நான் போடச் சொன்ன ஓட்டை;
அதன் சரிவு வெளியே பார்க்காமல்
உள்ளே பார்க்கிறது.
வெயிலில் ஏசித் தண்ணீர்,
மழையில் மழை.

"நெஞ்சுல ஈரமே இல்லாத பொம்பள" என்று
அக்காவிடம் போனில் சொன்னது
தொண்டையில் வந்து நின்றது.

"மேல அடைப்பை எடுத்துடவாக்கா?"
ஏணியிலிருந்தபடியே குரலைத் தாழ்த்திக் கேட்டான்.
மணி ஆறரை.
ஏழுக்கு வாளியோடு இறங்கி வருவாள்.

"நாளைக்கு எடுங்க" என்றேன்.
உள்ளே போய்
கீசரைப் போட்டேன்.