இருநூற்றுப் பதினோராம் பக்கம்

மல்லாவிச் சந்தியில் போட்டோகொப்பி, லமினேட்டிங்,
சமுர்த்திப் படிவம், தொலைந்த அடையாள அட்டைக்கு முறைப்பாடு.
இவைதான் என் இலக்கியம்.
தட்டச்சு, பக்கம் எண்பது ரூபாய்.

ஐந்து சீ.ஆர். கொப்பிகளை
மேசை விளிம்போடு விளிம்பு பொருந்த அடுக்கிவிட்டு
யதுசிகா சொன்னாள்:
"இது நாவல். ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது."
என்னிடமல்ல, மின்விசிறியிடம்.
பிறகு, "அதை நிப்பாட்டுங்கோ."
நிறுத்தினேன். பங்குனி வெயில்.

கதை சொல்பவளுக்கும் பதினாறு வயது.
அவளுக்கும் மிக்ஸியின் சத்தம் பல்லுக்குள் கேட்கும்.
துணுக்காய் பஸ்ஸில் மூன்றாவது யன்னல் கிடைக்காத நாளில்
அவளும் இறங்கி நடப்பாள்
மின்கம்பங்களைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் டொக்டர் துண்டில் எழுதிய சொல்
முப்பத்தோராம் பக்கத்தில் ஒரே ஒருமுறை:
"ஓட்டிசம். இதில் ட் இருக்கிறது. ட் எனக்குப் பிடிக்கும்."
அதற்குப் பிறகு அது தேவைப்படவில்லை அவளுக்கு.

"மழை பெய்தது. நாற்பத்து மூன்று நிமிடம்."
என் கை சும்மா இருக்கவில்லை, 'சோவென்று' சேர்த்தேன்.
சிவப்புக் கோடு விழுந்து திரும்பி வந்தது:
"எங்கட வீடு தகரம். சோ எண்டு கேக்காது."
இன்னோரிடத்தில்
'அம்மா மிகுந்த துயரத்தோடு இருந்தார்' என்று ஆக்கியிருந்தேன்.
அவள் எழுதியிருந்தது:
"அம்மா கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினா."
அதோடு விட்டுவிட்டேன்.
ழகரப் பிழையைக்கூடக் கேட்டுத்தான் தொட்டேன்.

சண்டையைப் பற்றி, ஐந்து கொப்பியிலும் சேர்த்து, இவ்வளவுதான்:
"அப்போது எனக்கு எட்டு மாதம். ஞாபகம் இல்லை.
ஆகவே எழுதவில்லை."
எத்தனை கடிதம் தட்டியிருப்பேன், எத்தனை ஆணைக்குழுவுக்கு.
இப்படி ஒரு வரி என் விரலுக்கு வந்ததில்லை.

ஒரு செவ்வாய், அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம்
தாய் வந்தா. வயலிலிருந்து நேரே,
கணுக்காலில் சேறு காய்ந்து வெளிறியிருந்தது.
"தங்கச்சி, முடிவில ஒரு பக்கம் சேர்க்க ஏலுமோ?
அவள் என்னைப் பிடிச்சுக்கொண்டிருந்த மாதிரி."

நாவலில் அந்தப் பிள்ளையை யாரும் தொட முடியாது.
கொடியில் கிடக்கிற துவாய் தோளில் பட்டாலே
குளிக்கப் போய்விடுவாள்.
"அப்படி நடந்ததே அக்கா?"
லமினேட்டிங் மெசினைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றா.
"ஒருக்கா.
கழுத்தளவு தண்ணி. தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்.
என்ர தலைமயிரைப் பிடிச்சவள்,
முகாமில இறக்கிற வரைக்கும் விடேல்லை.
அழவும் இல்லை."

தட்டினேன், மகளின் 'நான்' போட்டு.
அந்தப் பக்கத்துக்குக் காசு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கட்டைத் திருப்பிப் போட்டு எண்ணினாள்.
"இருநூற்றுப் பத்துத்தான் நான் எழுதினது."
கடைசித் தாளை உருவி வாசித்தாள்.
திரும்ப வாசித்தாள்.
வாசலில் தாய், ஒரு செருப்பைக் கழற்றி
மற்றதைக் கழற்ற மறந்தபடி.
சந்தியில் உழவு இயந்திரம் ஒன்று கிளம்பமாட்டாமல் இருமியது.
யதுசிகா காதைப் பொத்தினாள், அது போகும்வரை.

"இது எனக்குத் தெரியாது."
"எனக்குத் தெரியும், பிள்ளை."
"அப்ப 'நான்' எண்டு போடேலாது.
இருபத்து மூண்டாம் அத்தியாயம் எண்டு தனியாப் போடுங்கோ.
சொல்பவர், அம்மா."

பேனை மூடியைக் கழற்றினாள்.
தாயின் தலைக்கு ஒரு சாண் மேலே, கலண்டரைப் பார்த்து,
"எந்தக் கை?"

தாய்க்குச் சொல்ல வரவில்லை.
கை மட்டும் தானாக எழுந்துபோய்
இடது காதுக்கு மேலே மயிரைப் பற்றியது.

"முகத்துக்கு முகமோ?"
"ஓம்."
"அப்ப என்ர வலது"
என்று எழுதினாள்.
எழுதிவிட்டு
அந்தப் பக்கத்துக்கும் எண்பது ரூபாய் எண்ணி வைத்தாள்.