கொசு, மூன்று முறை

அந்த விமானத்தின் பெயர் நாட்.
கொசுபோல ஒரு பூச்சி என்று அர்த்தம் சொன்னேன்.
ஜெசிந்தா சிரித்தாள்:
"இத்த காசு குடுத்து வேற வாங்கினியா?
காசிமேட்டுல ஓசியிலயே கடிக்குதே."

மூன்று சிமுலேட்டர்கள் வைத்திருக்கிறேன்.
மூன்றிலும் இதே போர் விமானம்,
என் தாத்தா வயசுக்காரர்கள் ஓட்டியது,
ஒரு டெம்போவில் ஏற்றிவிடலாம் போல அத்தனை சின்னது.

புதியதில் வானம் அற்புதம்.
மழை கண்ணாடியில் சொட்டுச் சொட்டாய் ஓடி
ஓரத்தில் தயங்கி விழும்.
இறக்கையின் ரிவெட்டுகளை எண்ணலாம். எண்ணினேன்.
இடது பக்கம் ஒன்று குறைகிறது.
ஆனால் சக்கரத்தை இறக்கினால் ஒன்றும் ஆவதில்லை.
அந்தச் சக்கரக் கதவுகள்தான் அதற்கு பிரேக்,
பாதி திறந்தாலே காற்று வந்து மோதணும்,
உடம்பு முழுக்க ஒரு உதறல் உதறணும்.
இது கல்யாண மண்டபத்து லிஃப்ட் மாதிரி
சமர்த்தாக இறங்குகிறது.

இன்னொன்றில் எஞ்சினைக் கிளப்பவே பதினோரு நிமிஷம்.
சுவிட்ச் வரிசை ஒன்று தப்பினால் வாலில் தீ.
எடை சரி, திருப்பம் சரி,
சத்தம் மட்டும் வேறு ஏதோ விமானத்திடம் கடன்.
அதில் எங்கள் பக்கம் பறந்தேன் ஒரு ராத்திரி.
தண்டையார்பேட்டை முழுக்க பைன் மரம்.
ஜீவரத்தினம் நகரில் என் வீடு இருக்கவேண்டிய இடத்தில்
சரிவான ஓட்டுக்கூரை, அதில் புகைக்கூண்டு.
பனி பெய்தால் வழிந்து ஓட வசதியாம்.
எண்ணூரின் நிஜப் புகைபோக்கிகள்
தரையில் ஒட்டிய போட்டோவாக
நிழலோடு படுத்துக் கிடந்தன.

கடைசியாகச் சொல்வது பழையது,
ரிச்சி தெருவில் எண்பது ரூபாய்க்கு வாங்கிய டிஸ்க்.
கடற்கரை ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு.
காசிமேடு ஒரு பச்சைச் சதுரம்.
மீட்டர்கள் எல்லாம் வரைந்த படம், முள் நகராது.
ஆனாலும் குச்சியைத் தொட்டதும் திமிறும்,
நினைப்பதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டு
ஏன் நினைத்தாய் என்று கேட்கும்.

"எதுடா நிஜம்?" என்றான் மேல்வீட்டு அந்தோணிதாஸ்.
நான் எந்த விமானத்திலும் ஏறியதே இல்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் பொய்யைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.
துறைமுகத்தில் என்னைத் தேர்ந்தெடுத்ததே
ஏசி ரூமுக்குள் இருந்த ஒரு பொய் கிரேன்தான்.
நாலு திரை, இரண்டு ஜாய்ஸ்டிக்.
பெட்டி அதிலும் ஆடும், கணக்குப் போட்டு ஆடும்,
எண்ணிச் சொன்னால் எண்ணியபடி நிற்கும்.
நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வாங்கினேன்.

முதல் நாள் நிஜக் கிரேனில்
கப்பலுக்கும் லாரிக்கும் நடுவில்
பெட்டி தொங்கிக்கொண்டிருந்தபோது
உள்ளே ஏதோ உருண்டது.
என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.
கயிறு வழியாக ஏறி,
கேபினுக்கு வந்து,
என் மணிக்கட்டில் ஒரு தரம் இடித்தது.
அது எந்தப் பாடத்திலும் இல்லை.

அன்றிலிருந்து எந்த விமானத்திலும்
அதைத்தான் தேடுகிறேன்.
ரிவெட்டை யார் வேண்டுமானாலும் வரைவார்கள்.

போன செவ்வாய், நைட் ஷிஃப்ட் முடிந்து,
பழைய டிஸ்கில்,
எரிபொருள் தீரப்போகும் நேரம்
பச்சைச் சதுரத்தின் மேல் இடப்பக்கம் சாய்த்தேன்.
அரை நொடி தாமதித்து,
தொட்டியில் மிச்சம் இருந்தது ஒரு பக்கமாய்ச் சரிந்ததுபோல்
கொஞ்சம் கூடுதலாய்ச் சாய்ந்தது.
கை நின்றுவிட்டது.

திரும்பவும் செய்தேன். திரும்பவும் அதே இடம்.

எழுதியவன் யாரோ
அந்தத் தளும்பலைத் தெரிந்து எழுதியிருக்கலாம்.
அல்லது டிஸ்கில் இருக்கும் கீறல்,
படிக்க முடியாமல் மெஷின் அங்கே திக்குகிறது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
கீறல் இருக்கத்தான் செய்கிறது,
பிறை மாதிரி, வெளி ஓரத்தில்.

"வேற டிஸ்க்ல காப்பி எடுத்து வெச்சுக்கயேன்,
இது எத்தினி நாளு தாங்கும்?"
என்கிறாள் ஜெசிந்தா.

எடுக்கலாம்.
இன்னும் எடுக்கவில்லை.