எண்பத்தெட்டு

வள்ளியூர் கூரியர்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு
சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைத் தந்துபோனான்.
இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.
ஐம்பத்தெட்டு நைட்டி தைத்த கூலி.
மிக்கேலிடம் ஆயிரம் என்று சொன்னேன்.

போன ஆடியில், பதினோராம் வாரம்,
ஸ்கேன் அறையில் அந்த டாக்டரம்மா
பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தி
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
அதிலிருந்து
எந்தத் திரையும் என் பக்கம் இருக்க வேண்டும் எனக்கு.

தாளில் சீன எழுத்து. ஓடுகிற குதிரைப் படம் ஒன்று.
கதவைச் சாத்தி, ஃபேனை அமர்த்தி,
குளிர்ந்த களிம்பைத் தடவி அழுத்தினேன்.
முதலில் கேட்டது காற்று.
பனகுடியில் வாக்கப்பட்டால்
வயிற்றுக்குள்ளும் காற்றாலை நட்டுவிடுவார்களோ
என்று சிரிப்பு வந்தது.
அப்புறம் காற்றுக்கு அடியில்
டப். டப். டப்.
எண்பத்தெட்டு என்று விழுந்தது.
பாவாடை முந்தியைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

பதினாலாம் வாரம் அது.
அன்று ராத்திரியே மிக்கேல் அதைப் போனில் பதிந்துகொண்டான்.
எண்பது மீட்டர் உயரத்தில்,
காற்றாடித் தலைக்குள் உட்கார்ந்து
தூக்குச்சட்டியைத் திறக்குமுன்
காதில் வைத்துக் கேட்பானாம்.
கூட வேலைபார்க்கும் கயத்தாறு சுடலைமணியும் கேட்டுவிட்டு
"அடக்கமான பிள்ளையா இருக்கும்வே" என்றாராம்.

காலையில் ஒரு தடவை என்பது
பிறகு மூன்றானது.
பாத்ரூம் போய்வந்தால் ஒன்று.
பக்கத்து வீட்டில் யாராவது அழுதால் ஒன்று.
களிம்பு தீர்ந்து கத்தாழைச் சோறு,
கத்தாழை தீர்ந்து தேங்காயெண்ணெய்.
வெட்டிப்போட்ட நைட்டித் துணி
கட்டிலுக்கடியில் குமிந்து கிடந்தது.

ஆடி பிறந்த நாலாம் நாள்
மத்தியானத்திலிருந்து அசைவில்லை.
பெட்டியை வைத்தேன். தொண்ணூற்றொன்று.
"இருக்குல்லா, பெறகென்ன" என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
இரண்டு நைட்டி தைத்தேன்.
இதை எழுதக் கை கூசுகிறது.
இரண்டு முழு நைட்டி, பட்டன் உட்பட.

அஞ்சு மணிக்கு மறுபடி வைத்தபோது
கழுத்தில் வழிந்த வியர்வையை
இடது கையால் துடைத்தேன்.
விரலுக்கடியில் அதே டப்.
பெட்டியில் டப், கழுத்தில் டப்.
ஒன்றுபோல,
ஒரே தையலில் ஓடும் இரண்டு துணிபோல.

எசேக்கியேல் ஆட்டோ வள்ளியூர் போகுமட்டும்
நான் ஒரு செபமும் சொல்லவில்லை.
வாய் ஒட்டிக்கொண்டது.

தங்கபாய் சிஸ்டர் வயிற்றில் பெல்ட்டைக் கட்டினாள்.
தேடினாள்.
இன்னும் கொஞ்சம் கீழே தேடினாள்.
ஏதோ பிடித்தது பாருங்கள்,
நீளமான பார்டரில் பெடலை மிதித்துவிட்ட வேகம்,
நூற்று நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு,
பெல்ட்டையே ஓர் உதை.

"பாத்தியாட்டி வேகத்த?
ஒன் பெட்டி காட்டுனது ஒன் துடிப்பு.
பிள்ளை அசையலன்னா
பெட்டியத் தேடாத, பஸ்ஸப் புடி."
திட்டிக்கொண்டே
என் வயிற்று எண்ணெயைப் பஞ்சால் துடைத்தாள்.

ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம்.
காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள்
மலையடி வரைக்கும் விட்டுவிட்டு எரிந்தன.
அப்போதுதான் அந்த எண்பத்தெட்டு
ஞாபகம் வந்தது.

நாலு மாதமாய், சோற்றுக்கு முன்னால்,
மிக்கேல் கண்ணை மூடிக் கேட்பது
என்னை.

போன் அடித்தது. பின்னால் காற்றின் இரைச்சல்.
"ஆசுபத்திரியா? ஏன் சொல்லல?
மத்தியானங்கூடக் கேட்டேனே,
பிள்ளை நல்லா அடிச்சுதே."

கல்யாணமாகி ஆறு வருஷம்.
"ஆமா" என்றேன்.

பேட்டரி இரண்டும் இப்போது டி.வி. ரிமோட்டில்.
உதைகளைச் சாக்கட்டியால்
தையல் மிஷின் பலகையில் கோடு போடுகிறேன்.
அவன் போனில் இருப்பதை
இன்னும் அழிக்கச் சொல்லவில்லை.