சார்வு ஆகாத சம்மன்

செங்கோட்டை முன்சீப் கோர்ட்டு அமீனா நான்.
கொல்லம் ஆயிரத்து நூற்றிரண்டு, ஆடிச் சாரல்.
பையில் ஒரே ஒரு சம்மன்.
வாதி: உலகம்மை, காலஞ்சென்ற பேச்சியப்பன் பெஞ்சாதி.
பிரதிவாதி: மேற்குமலை ரெயில் கம்பெனி.
தகப்பன் பெயர் எழுதும் இடத்தில்
குமாஸ்தா ஒரு கோடு இழுத்திருந்தார்.

ஆளைத் தேடிப் பிடிப்பது என் பிழைப்பு.
கடன்பட்டவன் வைக்கோல் போருக்குள் புகுந்தாலும்
குதிங்கால் காட்டிக்கொடுத்துவிடும்.
இதற்குக் குதிங்கால் இல்லை.

"நான் கம்பெனி இல்லை" என்றார்
ஸ்டேஷன் மாஸ்டர் கொர்னேலியஸ்,
"கம்பெனியின் உத்தியோகஸ்தன்.
அந்தக் கைகாட்டி கம்பெனியுடையது.
நீர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சும்."
"அப்படியானால் கம்பெனி?"

இரும்புப் பெட்டி திறந்து
இரண்டு சாசனம் எடுத்து விரித்தார்.
ஒன்றில் சங்கு. ஒன்றில் கிரீடம்.
"இரண்டு தடவை பிறந்தது ஐயா.
எல்லைக்கல் வரை சங்குப் பிள்ளை,
தாண்டினால் கிரீடப் பிள்ளை."
"ஆள் ஒன்றா, இரண்டா?"
"தண்டவாளம் ஒன்று, கணக்குப் புத்தகம் ஒன்று,
லாபமும் ஒன்றுதான்."
சற்று யோசித்து,
"நஷ்டஈடு என்று வந்தால் இரண்டு."

பேச்சியப்பன் கொக்கி மாட்டுகிறவன்.
இரண்டு வாகனுக்கு நடுவே நின்றவன்.
வக்கீல் குமாஸ்தா சங்கிலி பிடித்து அளந்தபோது
மறுமுனை என் கையில் இருந்தது:
துண்டு விழுந்தது கல்லுக்கு இந்தப் பக்கம் பதினோரு அடி,
ஆள் விழுந்தது அந்தப் பக்கம் மூன்று.
துண்டைப் பொறுத்தவரை
எங்கள் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

"கூலியைச் சக்கரமாத்தானய்யா எண்ணிக் குடுத்தாங்க"
என்று உலகம்மை சொன்னது
வாக்குமூலத்தில் ஏறவில்லை.

ஆள் அகப்படாவிட்டால்
குடியிருக்கும் வாசலில் ஒட்டலாம் என்பது விதி.
வாசலுக்கு எங்கே போவேன்?
ஏழேகால் வண்டி வந்து மூச்சு வாங்கியது.
சோற்றுப் பசை தடவி
எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டினேன்.
நிலக்கரி அள்ளுகிறவன் சிரித்தான்,
எழுதப் படிக்கத் தெரியாதவன்,
கல்யாணப் பத்திரிகை என்று நினைத்திருப்பான்.

தென்காசிப் பக்கம் திரும்பி ஓடியது வண்டி.
கல்லைத் தாண்டுகையில் ஒரு ஊதல்.
அந்த நிமிஷத்திலிருந்து
மகாராஜா பெயரில் போட்ட உத்தரவு
ஈரக் காகிதம்.

மறுநாள் ரிப்போர்ட்டு எழுதினேன்:
பிரதிவாதி காலை சமஸ்தானத்தில் காணப்பட்டார்.
ஏழரைக்கு வெளியேறினார்.
மாலை ஐந்தரைக்குத் திரும்பினார்.
கூப்பிட்டதற்கு நிற்கவில்லை.
முன்சீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
'மறு சம்மன்' என்று எழுதினார்.
படிக்காசை வாதி கட்ட வேண்டும்.

கோர்ட்டு வாசலில் முந்தானை அவிழ்த்தாள்.
நாலு சக்கரம்.
கூடவே எட்டாய் மடித்த ஒரு முத்திரைத்தாள்,
தென்காசியில் வாங்கியது,
கிரீடம் போட்டது.
"இது இங்கே செல்லாதம்மா."
"தெரியும், வச்சிக்கிடுங்க.
அது அங்கன நிக்கிறப்போ பிடிச்சீங்கன்னா
வேணும்லா."