எண்ணெய் போடாத கப்பி

பதினொன்றாம் நாள்
கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினேன்.
அந்த டிக்டிக்கில் என்மேல் ஏதோ புகார் இருந்தது.

பில்பாவோவில், மூன்றாம் மாடியில்,
உள்முற்றம் பார்த்த சமையலறையில்
பேருந்து ஓட்டுகிற ஒருத்தி
நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.
நான்தான். கர்பிஞே.
பத்தொன்பது வருடம் ஒரு நிறுத்தம் தவறாதவள்
குளியலறைக்குப் போகும் வழியில் நின்று
எதற்கு வந்தோம் என்று யோசித்தேன்.

வெளியே சிரிமிரி.
எங்கள் ஊர்த் தூறலுக்கு அப்படிப் பெயர்.
குடையை மதிக்காத மழை.

இரவு எட்டுக்கு ஊரே தெருப்பக்கம் நின்று கைதட்டியது.
எனக்குத் தெருப்பக்கம் ஜன்னல் இல்லை.
சுவர் வழியாக வந்த ஓசை
யாரோ அழைக்க மறந்த கல்யாணம்போல இருந்தது.

தங்கை போனில் கேட்பாள்: நல்லாயிருக்கியா?
இருக்கேன் என்பேன்.
பிறகு போனைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைப்பேன்,
அது இன்னொரு முறை கேட்டுவிடக் கூடாதென்று.

அப்போதுதான் அந்தக் காலுறை.
மேல்மாடிக் கொடியிலிருந்து நழுவி
என் கொடியில் வந்து தொங்கியது.
சாம்பல் நிறம். குதிகாலில் ஓட்டை.
இரண்டு நாள் அதையே பார்த்திருந்தேன்;
பார்க்க வேறெதுவும் புதிதாக வரவில்லை.

மூன்றாம் நாள் நூலில் ஒரு கூடை இறங்கியது.
உள்ளே சீட்டு:
"காலுறை என்னுடையது. மன்னிக்கவும். நலமா?
கோல்டோ, நாலாம் மாடி."

முகம் தெரியாதவனிடம் பொய் சொல்ல
அலுப்பாக இருந்தது.
"இல்லை" என்று எழுதி
காலுறையை மடித்து அதன்மேல் வைத்தேன்.

கூடை போயிற்று. நெடுநேரம் வரவில்லை.
வெட்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போனபோது வந்தது:
"எனக்கும் இல்லை.
நீச்சல் சொல்லித்தருகிறவன். குளத்தை வற்றவைத்துவிட்டார்கள்.
இரவில் தூக்கம் கிடையாது.
காலை ஏழுக்குக் கொடிக்கயிற்றை இழுப்பேன்.
கேட்டால் நீங்களும் இழுங்கள்."

ஒப்பந்தம் அவ்வளவுதான்.
ஏழுக்கு மேலே ஒரு கிறீச்.
கீழே என் கிறீச்.
ஏழு எப்போதென்று தெரிய
பேட்டரியைத் திரும்பப் போட்டேன்.
எழுந்ததற்கு முகம் கழுவினேன்.
வெறும் கயிறு இழுக்கக் கூச்சமாகி
ஒரு சட்டை துவைத்தேன்.

சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.
இழுத்துவிட்டு மறுபடி படுத்த நாட்கள் உண்டு.
"இன்று மோசம்" என்று எழுதி அனுப்பினால்
அவன் தைரியம் சொல்வதில்லை.
"குறித்துக்கொண்டேன்" என்று மட்டும் வரும்.
அது போதுமாக இருந்தது.
அந்த வாரம் தங்கையிடமும் "இல்லை" என்றேன்.
அவள் முதலில் அழுதாள்,
பிறகு சுகாதார மையத்துக்குப் போன் போட்டாள்.
வியாழன்தோறும் இப்போது ஒரு மருத்துவர் அழைக்கிறார்.
அவரிடம் நிறையப் பேசுகிறேன், சிலசமயம் பேருந்தைப் பற்றி.

பிறகு ஒரு காலை, கிறீச் இல்லை.
ஏழு ஐந்து.
ஏழு இருபது.
நான் இழுத்தேன். மறுபடி இழுத்தேன்.
முற்றம் வாயே திறக்கவில்லை.

இருபத்திரண்டு படிகள், வீட்டுச் செருப்போடு,
முகக்கவசம் தலைகீழாக.
இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன்.

திறந்தவன் கன்னத்தில் தலையணையின் கோடு.
"தூங்கிவிட்டேன்" என்றான்,
திருட்டை ஒப்புக்கொள்பவன் குரலில்.
"ஒன்பது மணி நேரம்."

இரண்டு மீட்டர் தள்ளிப் படியில் உட்கார்ந்து
பேருந்து நிறுத்தத்தில் கார் நிறுத்துபவர்களுக்கென்று
நான் சேர்த்துவைத்த வசவு அத்தனையும் அவனுக்குக் கொடுத்தேன்.
கேட்டுக்கொண்டே சிரித்தான்.
ஒரு காலில் சாம்பல் காலுறை,
மறுகாலில் பச்சை.

இரண்டாம் மாடிக்காரர் சத்தம் பொறுக்காமல்
நேற்று என் வாசலில் எண்ணெய் டப்பா வைத்திருந்தார்.
நன்றி சொல்லி எடுத்துக்கொண்டேன்.
ஜன்னல் கீல்களுக்குப் போட்டேன்.