உங்கள் நிறுவனம்

லோகநாதன் மூட்லி மடிக்கணினியைத்
தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தார்.
ஃபீனிக்ஸில் அன்று விடாத மழை.
எட்டு மணிக்கு மின்வெட்டு. அப்போது ஆறே கால்.

“எதைத் தேடினாலும் வேறெங்கோ போய் நிற்குது” என்றார்,
பேருந்தில் கண்ணசந்து
வெருலத்தில் இறங்கியவர் குரலில்.

தட்டிப் பார்த்தேன்: டர்பன் வானிலை.
கூகுள் ஒருமுறை கண்சிமிட்டி மறைந்தது.
இரண்டு முகவரிகள் ஓடின, படிக்கும் முன்னே.
பிறகு ஊர்பேர் தெரியாத ஒரு தேடுபக்கம்
பூதக்கண்ணாடிப் படம் குத்திக்கொண்டு
சொந்தக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்தது.
வானிலை கேட்டால் கடன் தருகிறேன் என்றது.
மூட்லி என்று அடித்தால்
முட்டிவலித் தைலம்.

“பையன் வேலை இது.
கண்ட கண்ட பக்கமெல்லாம் போயிருப்பான்.
ரெண்டு வாரமா நான் அவனோட பேசறதில்லை.”

பதிவிறக்கப் பட்டியலைத் திறந்தேன்.
பிப்ரவரி ஒன்பது, இரவு பதினொன்றே முக்கால்:
எந்தக் கோப்பையும் பிடிஎஃப் ஆக்கும் கருவி, இலவசம்.
அதற்கு நேர் மேலே, அதே நிமிடத்தில்,
லோகநாதன் சுயவிவரம், புதியது, மூன்று.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
அவர் மழையைப் பார்த்தார்.

நீக்கலாம் என்று போனால்
நீக்கும் பொத்தான் செத்த பல்லாக மங்கிக் கிடந்தது.
அழுத்தினாலும் அசையவில்லை.
பட்டியலின் அடியில், சாம்பல் எழுத்தில் ஒரு வரி,
ஆங்கிலத்தில்.
தமிழில் சொன்னால்:
இந்த உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
இன்னொரு தரம் படித்தார்.
“எந்த நிறுவனம்?”

இருபத்தாறு வருடம், ஜேக்கப்ஸில் ஒரு சட்டை ஆலை.
காலர்களை எண்ணி டஜன் டஜனாகக் கட்டிவைக்கும் வேலை.
கதவடைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது.
கடைசி நாளில் லாரி ஏறிய தையல் இயந்திரங்களையும்
எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான்.

“இன்னும் என்னைக் கணக்குல வெச்சிருக்காங்க போல.”

சிரிப்பாரென்று காத்திருந்தேன்.
சிரிக்கவில்லை.

நிறுவனமெல்லாம் ஒன்றும் இல்லை அங்கிள்,
உள்ளே புகுந்த திருடன்
காவல்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு
வாசலில் நிற்கிறான், அவ்வளவுதான் என்றேன்.
சட்டை என்று சொல்லியிருக்க வேண்டாம்.

முதலில் ஒத்திசைவை நிறுத்தினேன்.
இல்லாவிட்டால் இங்கே நீக்கியது
கைப்பேசி வழியாகத் திரும்பி வரும்.
பிறகு பதிவேட்டுக்குள் இறங்கி
கொள்கைகள் என்ற அடைவில்
எவனோ எழுதிவைத்த இரண்டு வரிகளை அழித்தேன்.
மேலே வந்து பார்த்தால் பொத்தானுக்கு உயிர் வந்திருந்தது.
நீக்கினேன்.
தேடுபொறியைப் பழையபடி வைத்து
அணைத்து, மறுபடி ஏற்றி,
டர்பன் வானிலை என்றேன்.

மழை என்றது.
இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.
சரிதான்.

சுட்டியை என் கையிலிருந்து வாங்கி
அவரே பட்டியலைத் திறந்து கீழே கீழே போனார்.
அடிமட்டம் வரை.
“அந்த வரி?”
போய்விட்டது.
“ம்.”

நூற்றைம்பது ராண்டை எண்ணி வைத்தார்,
ஒவ்வொரு நோட்டையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பி.
பிறகு, கேட்காமலே, ஒற்றை விரலால் அடித்தார்:
சரக்குக் கணக்கர் வேலை, டர்பன்.
வழியில் எங்கும் இறங்காமல் நேராகப் போனது.
பதினொரு முடிவுகள்.
ஏழு போன வருடத்தவை.

எட்டடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே
மின்சாரம் போனது.
பேட்டரியில் அவர் முகம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது,
பக்கம் பக்கமாக நகர்த்தியபடி.

உறையில் கணினியைச் செருகும்போது கேட்டார்:
பக்கத்துக் கடையில் பனி சௌ
இருட்டிலும் கிடைக்குமா?
கிடைக்கும், கேஸ் அடுப்புதான் என்றேன்.

“தேஷனுக்குப் பீன்ஸ்தான் பிடிக்கும்” என்று
என்னிடம் இல்லை,
மழையிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு
இறங்கிப் போனார்.