மோட்டார் அறைப் பதிவேடு

செந்தூலில் கொடி ஏறத் தொடங்கினால்
எனக்கு ஓவர்டைம்.

சி புளோக், பதினேழு மாடி,
இரண்டு மின்தூக்கி.
ஒன்று செத்து ஏழு மாதம்.
மற்றது நினைத்தால் ஓடும்,
ஐந்தாம் மாடிக்கு மேல் நினைக்காது.
திங்கள் காலை போன் வந்தது:
"லோகேஸ், வெள்ளிக்குள்ள ரெண்டும் ஓடணும்.
ஆள் வர்றார்."
எந்த ஆள் என்று கேட்கவில்லை.
போன தடவையும் ஆள்தான் வந்தார்.

உச்சியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
மோட்டார் அறை.
புறா எச்சம், சூடேறிய எண்ணெய் வாசம்,
ஆணியில் தொங்கும் பதிவேடு.
பேச்சுக்கு அதில் கட்டம் கிடையாது.
தேதி, கோளாறு, மாற்றிய சாமான், கையெழுத்து.

புரட்டினேன்.
போன தேர்தலுக்கு முந்திய வாரம்: புதுக் கயிறு.
அடுத்த வருஷம்: சாமான் இல்லை.
அதற்கடுத்தும்: சாமான் இல்லை.
அப்புறம் மூன்று பக்கம் வெள்ளை.
இப்போது என் கையெழுத்தில்
மறுபடி புதுக் கயிறு.

கீழே, லாபியில் நாற்காலி போட்டுச் சனம்.
"யாருக்குத்தான் போடுறது, தம்பி?"
பன்னிரண்டாம் மாடி மங்களேஸ்வரி.
டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள்
மகன் முதுகில் இறங்குகிறவர்.
மடியில் ஐந்து கிலோ அரிசி,
பையில் அச்சடித்த ஒரு சிரிப்பு.

நான் கட்சி சொல்கிறவன் இல்லை,
சட்டையில் கம்பெனிப் பெயர் இருக்கிறது.
மேலே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து
அரிசிப் பையின் மேல் வைத்தேன்.

கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார்.
விரல் வைத்துச் சத்தமாக வாசித்தார், தேதி தேதியாக.
சியூ பெங் போனில் படம் பிடித்தாள்.
"மேயரைத்தான் கேக்கணும்" என்றார் ஒருவர்.
"மேயருக்கு நம்ம ஓட்டே இல்லையே"
என்றார் ரோஸ்லான், எங்கள் தமிழிலேயே.
அந்த வாக்கியம் கொஞ்ச நேரம்
கதவு திறந்தபடி நின்றது,
மேலேயும் போகாமல், கீழேயும் வராமல்.
"அப்ப யாருக்குப் போடுறோமோ
அவரு போய்க் கேக்கணும்.
கேப்பாரான்னு நாம முன்னாடியே கேக்கணும்."
மங்களேஸ்வரி பதிவேட்டை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆள் வந்தார்.
புதுக் கயிறு, புதுப் பட்டன், நீண்டது அவர் விரல்.
"ஏறாதீங்க" என்றார் மங்களேஸ்வரி.
"படியில வாங்க. நானும் வர்றேன்."
மகன் குனிந்தான்.
அவன் முதுகில் இருந்தபடி
மாடிக்கு ஒரு வரியாக அவர் வாசிக்க
நான்காம் மாடியில் போட்டோகிராபர் நின்றுவிட்டார்,
ஏழில் கொடி பிடித்தவர்.
ஆள் பன்னிரண்டு வரை போனாரா, தெரியாது.
ஜிஞ்சாங்கில் இன்னொரு புளோக் என்று
என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
அங்கேயும் வெள்ளிக்குள்.
எதிர்த்து நிற்கிற இருவருக்கும்
அதே படிதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
போன தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை.
கெப்போங் கொண்டோவில்
இரண்டு மாடிக்கு நடுவே மாட்டியவர்களை
மீட்டுக்கொண்டிருந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.
மீட்டது காலை பத்துக்கு.
சாவடி மூடியது மாலை ஆறுக்கு.
நடுவில் தூங்கினேன்.
இடது ஆள்காட்டி விரலில் கிரீஸைத் தடவி
மை என்று மனைவியிடம் காட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
சோப்பை எடுத்து நீட்டினாள்.

இந்த முறை பெயரைப் பார்த்துவிட்டேன்.
தமிழ்ப்பள்ளி, மூன்றாம் சாலுரான்.
என் தொகுதி வேறு, என் மின்தூக்கியும் வேறு,
ஆனால் வெள்ளைப் பக்கம் எங்கேயும் வெள்ளைதான்.
வேலைச்சீட்டின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்:
அந்த மூன்று பக்கமும் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

இன்னும் பதினொரு நாள்.
அதற்குள் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.
கிரீஸ் இருந்தால்
மை பிடிக்காது.